பழைய டாஸுக்கு சம்ப் கார்ட்: கடைக்குப் போகுமுன் கீழே படுத்துப் பாருங்கள்

டர்பன் பக்கம் வெருலத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது, சுருக்கமாக: "அண்ணா, என் கார் 2003 டொயோட்டா டாஸ் 130. மாமனார் வீட்டுக்கு, டோங்காட்டிலிருந்து வார்ட்பர்க் போகும் ஆர்614 சாலையில் போய், கரும்புக்கு நடுவே மண் ரோட்டில் இறங்கிப் போகணும். குடும்பத்தோடு போகும்போதெல்லாம் நடுமேடு அடியில் உரசுது. போன மாதம் சம்ப் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) நசுங்கிவிட்டது, ஆனால் ஒழுகலை. ஒரு கடையில் அதைக் காக்க அடியில் 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு போடச் சொல்றாங்க, பக்கத்து வீட்டுக்காரர் அலுமினியம்தான் நல்லது என்கிறார், மச்சானோ எதுவும் போடாதே, இன்ஜின் சூடாகிவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

தம்பி, மூன்று பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்று பேருமே உங்கள் காரின் அடியில் படுத்துப் பார்க்கவில்லை என்று தெரிகிறது. தகடு கடைசி வேலை. அதற்கு முன் இரண்டு மூன்று விஷயம் இருக்கிறது, அதைச் செய்யாமல் தகட்டை மாட்டினால் பிரச்சினையை மூடி வைத்த மாதிரிதான் ஆகும்.

முதலில் அந்த நசுங்கல். ஒழுகவில்லை என்று விட்டுவிடாதீர்கள். சம்ப்புக்குள்ளே ஆயில் பம்ப்பின் உறிஞ்சு குழாய் ஒன்று இறங்கி வரும், அதன் நுனியில் ஒரு வலை இருக்கும். அந்த வலைக்கும் சம்ப்பின் தரைக்கும் நடுவே பெரும்பாலான இன்ஜின்களில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் விட்டிருப்பார்கள். அடி சரியாக அதற்குக் கீழே விழுந்திருந்தால் சம்ப்பின் தரை மேலே எழும்பி வலையின் வாயை அடைத்துவிடும். ஸ்ட்ராவைத் தம்ளர் அடியில் அழுத்திக்கொண்டு உறிஞ்சுகிற கதைதான். டிப்ஸ்டிக்கில் ஆயில் நிறைய இருக்கும், ஆனால் மேலே கேம் ஷாஃப்ட்டுக்குப் போய்ச் சேராது. சும்மா நிற்கும்போது ஆயில் லைட் மினுக்குகிறதா, ஹைவேயில் வேகமெடுக்கும்போது மேலே டிக் டிக் என்று சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் அன்றோடு ஓட்டுவதை நிறுத்துங்கள். கேட்காவிட்டாலும் நசுங்கல் அந்த இடைவெளியை நெருங்கும் அளவுக்கு ஆழமாக இருந்தால் சம்ப்பைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கழற்றுவதில் ஒரு லாபமும் உண்டு: இருபது வருஷம் ஓடிய இன்ஜினில் அந்த வலையில் கரி படிந்திருக்கும், சுத்தம் செய்துவிடலாம். பழைய சம்ப்பைத் தட்டி நிமிர்த்துவதைவிட ஸ்க்ராப்யார்டில் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. டாஸ் நம் டர்பன் பிரோஸ்பெக்டன் தொழிற்சாலையில் 2006 வரை செய்த வண்டி, தெருவுக்குத் தெரு ஓடியது, பாகத்துக்குப் பஞ்சமில்லை.

அடுத்தது உயரம். "குடும்பத்தோடு போகும்போதெல்லாம்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது. நீங்கள் தனியாகப் போனால் உரசுகிறதா? இல்லையென்றால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். பழைய கார்களில் ஸ்பிரிங் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உட்கார்ந்துவிடுவது சாதாரணம். அதோடு ஷாக் அப்சார்பரும் செத்திருந்தால், ஒவ்வொரு பள்ளத்திலும் மூக்கு இறங்கி எழும்பும்போது இன்னும் கொஞ்சம் போய்விடும். சமதரையில் நிறுத்தி, நீங்கள் வழக்கமாக ஏற்றுகிற ஆட்களையும் சாமானையும் ஏற்றி, சம்ப்பின் கீழ்ப்புள்ளியிலிருந்து தரைக்கு டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். பிறகு காலியாக ஒரு அளவு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், தகடு போட்டால் தரைக்கும் காருக்கும் நடுவே இருக்கும் இடம் இன்னும் குறையும், அதிகமாகாது. தகட்டுக்கும் சம்ப்புக்கும் நடுவே இரண்டு இரண்டரை சென்டிமீட்டர் விட்டே ஆக வேண்டும், ஆக இப்போது லேசாக உரசுகிற மேட்டில் தகடு நன்றாகவே உரசும். கையில் இருக்கிற பணத்துக்கு ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் நான் தகட்டை விட்டுவிட்டு முன் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் மாற்றுவேன். அது தார் ரோட்டில் பிரேக் பிடிக்கும்போதும் உதவும், தகடு உதவாது.

அப்புறம் இன்ஜின் மவுன்ட், அதாவது இன்ஜினைத் தாங்கிப் பிடிக்கும் ரப்பர். அது கிழிந்திருந்தால் இன்ஜினே தொங்கிக்கொண்டிருக்கும், கியர் போட்டு விடும்போது துள்ளும், அப்படித் துள்ளி தகட்டில் இடிக்கும். ஒருவர் ஹேண்ட்பிரேக்கையும் பிரேக் பெடலையும் பிடித்துக்கொண்டு கிளட்சை மெல்ல விட, இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பானட்டுக்குள் பார்த்தால் தெரிந்துவிடும். காருக்கு முன்னால் மட்டும் நிற்காதீர்கள்.

இதெல்லாம் சரியாக இருக்கிறது, இன்னும் உரசுகிறது என்றால் தகடு போடுங்கள், தாராளமாக. இப்போது இரும்பா அலுமினியமா.

உங்கள் காருக்கு ஏறக்குறைய 60க்கு 70 சென்டிமீட்டர் தகடு தேவைப்படும் என்று வைத்துக்கொள்வோம். 2 மில்லிமீட்டர் இரும்பில் அது ஆறரை கிலோ வரும், 3 மில்லிமீட்டரில் பத்து கிலோ. 4 மில்லிமீட்டர் அலுமினியத்தில் நாலரை கிலோதான். வளையாமல் நிற்கும் பலம் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், அதனால் அலுமினியம் இயல்பிலேயே இரும்பைவிட மூன்று பங்கு எளிதாக வளையும் என்றாலும், 4 மில்லிமீட்டர் அலுமினியம் 2 மில்லிமீட்டர் இரும்பைத் தாண்டி 3 மில்லிமீட்டர் இரும்புக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும், பாதிக்கும் குறைவான எடையில். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் விலை அதிகம், கூரான கல்லில் அலுமினியம் சறுக்காமல் கொஞ்சம் கடித்துக்கொள்ளும், வளைந்தால் திரும்பத் தட்டி எடுப்பது இரும்பு மாதிரி சுலபமில்லை. கடற்கரைப் பக்கம் ஓட்டுகிறீர்கள், உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்பு போல்ட்டும் நேராகத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும்; நடுவே ரப்பர் அல்லது நைலான் வாஷர் கட்டாயம்.

என் முடிவு கேட்டால்: மண் ரோடு, நடுமேடு, அங்கங்கே கல், அவ்வளவுதான் என்றால் 2 மில்லிமீட்டர் இரும்பு போதும், ஆனால் நாலு ஓரமும் மடித்து, நடுவில் இரண்டு நீள மடிப்பு கொடுத்திருக்க வேண்டும். மடிப்பு இருந்தால் மெல்லிய தகடும் விறைப்பாக நிற்கும். தட்டையான 3 மில்லிமீட்டர் தகட்டை வெட்டி நாலு ஓட்டை போட்டுக் கொடுப்பது கடைக்காரருக்கு சுலபமான வேலை, அதனால்தான் அதைச் சொல்கிறார். டாஸ் மாதிரி சின்ன காரின் முன்பக்கத்தில் பத்து கிலோவைத் தொங்கவிட்டால், மாற்றின ஸ்பிரிங்கில் பாதி பலனை அதுவே தின்றுவிடும். டர்பனில் ஜேக்கப்ஸ் பக்கம் தகடு மடிக்கும் பட்டறைகள் இருக்கின்றன, அட்டையில் வடிவம் வெட்டி எடுத்துப் போனால் மடித்துக் கொடுப்பார்கள். உள்பக்கம் வெளிப்பக்கம் இரண்டுக்கும் பெயின்ட் வேண்டும். துரு உள்பக்கத்தில்தான் முதலில் பிடிக்கும், ஈரமண் அங்கேதான் தங்கும்.

எங்கே மாட்டுவது என்பதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். சம்ப்பின் போல்ட்டிலேயோ கியர்பாக்ஸிலேயோ மாட்டவே கூடாது. இன்ஜின் ரப்பரில் ஆடுகிற பொருள், தவிர அடி நேராக அதற்கே போகும். டாஸில் ரேடியேட்டருக்குக் கீழே ஒரு குறுக்குச் சட்டம் இருக்கிறது, அதிலிருந்து பின்னால் இன்னொரு குறுக்குச் சட்டம் வரை இன்ஜினுக்கு அடியில் நீளமாக ஒரு சட்டம் போகும். இவற்றில் பிடிக்க வேண்டும், முடிந்தால் ஏற்கெனவே இருக்கிற ஓட்டைகளில், இல்லையென்றால் சட்டத்தைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப் அல்லது யு-போல்ட் வைத்து. புதிதாக சட்டத்தில் ஓட்டை போடுவதை நான் விரும்புவதில்லை, அங்கிருந்துதான் துரு ஆரம்பிக்கும். மெல்லிய பாடி தகட்டில் செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூ போட்டு மாட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஒரு கல்லில் இடித்தால் முன்பக்கம் பிய்ந்து தொங்கி, ரோட்டில் உழுதுகொண்டே வரும், சக்கரத்துக்கு அடியில் போனால் ஸ்டீயரிங் கையில் நிற்காது. எட்டு மில்லிமீட்டர் 8.8 கிரேடு போல்ட், நைலாக் நட், சத்தம் வராமலிருக்க ரப்பர் வாஷர். போல்ட் தலை தகட்டுக்குள் அமிழ்ந்திருக்கணும், இல்லையென்றால் முதல் கல்லிலேயே சிதைந்து, அடுத்த சர்வீசில் கிரைண்டர் வைத்து அறுக்க வேண்டிவரும். முன் ஓரம் மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும், அப்போதுதான் மேட்டில் ஏறிச் சறுக்கும்.

ஆயில் டிரெயின் போல்ட்டுக்கு நேரே கை நுழையும் அளவு ஒரு திறப்பு வைக்கச் சொல்லுங்கள். ஃபில்டருக்கும் வழி வேண்டும். இல்லாவிட்டால் ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் தகட்டைக் கழற்ற வேண்டும், கழற்றச் சோம்பல்பட்டு ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போடுவோம், நம்மைப் பற்றி நமக்குத் தெரியாதா.

மச்சான் சொன்ன சூடு விஷயம். அவர் பயம் முழுக்கத் தப்பில்லை. ரேடியேட்டர் வழியாக உள்ளே வரும் காற்று இன்ஜினைச் சுற்றிக் கீழ்வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேறும், அந்த வழியைச் சுவர் மாதிரி அடைத்தால் சூடு ஏறும். ஆனால் தகடு முன்பக்கம் தொடங்கி சம்ப்பும் கியர்பாக்ஸும் முடியும் இடத்தோடு நின்றுவிட்டால், பின்பக்கமும் இரு ஓரமும் திறந்திருந்தால், நடுவில் பின்னோக்கிப் பார்த்த சில பிளவுகளும் இருந்தால், சாதாரண ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. மாட்டிய பிறகு ஜனவரிக் கோடை வெயிலில் ஒரு ஏற்றத்தில் நிறைய ஆட்களோடு ஏறிப் பாருங்கள், முள் வழக்கத்தைவிட மேலே போகிறதா என்று. போனால் முதலில் ரேடியேட்டரையும் ஃபேனையும் சந்தேகப்படுங்கள், தகடு பழைய குறையை வெளியே காட்டியிருக்கலாம்.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் வேறு. உங்கள் வழி கரும்புக்குள்ளே போகிறது. அறுவடைக் காலத்தில் அந்த ரோடு முழுக்கக் காய்ந்த கரும்புச் சோகை கிடக்கும், நடுமேட்டில் புல் வளர்ந்திருக்கும். இவை தகட்டின் பின்ஓரம் வழியாக ஏறி மேலே மெத்தை மாதிரி தங்கிவிடும், பக்கத்தில் எக்ஸாஸ்ட் குழாய் கொதிக்கும். அதோடு பழைய இன்ஜினிலிருந்து சொட்டுகிற ஆயிலும் அதில் ஊறினால், தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்? அதனால் எக்ஸாஸ்ட்டுக்கும் தகட்டுக்கும் தாராளமாக இடம் விடுங்கள், பிளாஸ்டிக் தகடு பக்கமே போகாதீர்கள், மாமனார் வீட்டுக்குப் போய் வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்து, குச்சியால் இழுத்துவிடுங்கள். மழைக்காலம் என்றால் குழாய்த் தண்ணீர் அடித்து மண்ணைக் கழுவுங்கள்.

ஆயில் சொட்டு என்றதும் இன்னொன்று. தகடு போட்ட பிறகு வீட்டு வாசலில் ஆயில் கறை தெரியாது, எல்லாம் தகட்டின் மேலேயே விழும். அதனால் டிப்ஸ்டிக் பார்க்கும் பழக்கத்தை விடக் கூடாது. மாட்டுவதற்கு முன்பே ஒழுகல் இருந்தால் சரிசெய்துவிடுங்கள், காரை விற்கும்போது ரோட்வர்த்தி சோதனையிலும் ஆயில் ஒழுகினால் திருப்பி அனுப்புவார்கள். இன்ஷூரன்ஸ் இருந்தால் தகடு போட்டதை அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். தகட்டின் மேல் ஜாக் வைக்கக் கூடாது, ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்கவும் கூடாது, ஸ்டாண்டு வையுங்கள். முதல் மண் ரோட்டுப் பயணம் முடிந்ததும் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி முறுக்கிப் பாருங்கள், ஒன்றிரண்டு கண்டிப்பாகத் தளர்ந்திருக்கும்.

ஓட்டுவதிலும் ஒன்று இருக்கிறது, காசில்லாதது. லாரிகள் போய்ப் போய்த் தடம் ஆழமாகிவிட்ட இடத்தில் இரண்டு சக்கரத்தையும் தடத்தில் விட்டால் நடுமேடு நேராக சம்ப்புக்குத்தான் வரும். ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டின் மேலேயும் மறுபக்கத்தை ரோட்டு ஓரத்திலும் ஏற்றி ஓட்டுங்கள், ஓரம் உறுதியாக இருந்தால் மட்டும். பள்ளத்தையோ ஹம்பையோ பார்த்தால் முன்னாலேயே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்து, ஏறுகிற நொடியில் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக்கில் கால் இருக்கும்போது மூக்கு இறங்கியிருக்கும், இடிப்பது அப்போதுதான்.

இத்தனைக்கும் பிறகு ஒருநாள் பலமாக இடித்து, சிவப்பு ஆயில் லைட் எரிந்தால், பக்கத்தில்தானே வீடு என்று ஓட்டாதீர்கள். அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துங்கள். டாஸில் மொத்தமே மூன்று லிட்டர் சொச்சம் ஆயில்தான், ஓட்டை பெரிதாக இருந்தால் சீக்கிரம் காலியாகிவிடும், ஆயிலில்லாத பேரிங் நிமிடக்கணக்கில்கூடத் தாங்காது. பூட்டில் இரண்டு மூன்று லிட்டர் ஆயிலும், மணல்தாளும், கொஞ்சம் பிராட்லி புட்டியும் இருந்தால் (கலந்து அப்பினால் இறுகிவிடும் பசை; நிலவுக்கே போன சரக்கு என்று நம் நாட்டில் பெருமை பேசுவார்களே, அதுதான்) சின்ன விரிசலுக்கு ஒரு வழி உண்டு: ஆயில் முழுக்க வடிந்து, இடம் ஆறிய பிறகு துடைத்து, தேய்த்து, எண்ணெய்ப் பசை போகச் சுத்தம் செய்து அப்ப வேண்டும். பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் வரை இறுக விட்டு, ஆயில் ஊற்றி, லைட் அணைகிறதா என்று பார்த்து மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். ஸ்டார்ட் செய்து சில நொடியில் லைட் அணையாவிட்டால் மறுபடி முயற்சி செய்யாமல் மாமனாரின் பக்கியை (பிக்கப் வண்டியை) கூப்பிடுங்கள்.