விற்கப்போகிற வீட்டில் எதற்குச் செலவு செய்யலாம்? கேள்வி பதில்

பழைய வீடுகளில் பழுதுபார்க்கும் சிவில் வேலைதான் என் தொழில். விற்க நினைக்கிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கேள்வி: சார், மேற்கு மாம்பலத்தில் அப்பா 1970களில் கட்டிய தனி வீடு, ஒரு கிரவுண்டு. பெயின்ட், டைல்ஸ் எல்லாம் மாற்றினால் நல்ல விலை வரும் என்கிறார் புரோக்கர். செய்யலாமா?

வேண்டாம் சார். அங்கே அந்த வயது வீட்டை வாங்க வருவது பெரும்பாலும் பில்டர், இல்லையென்றால் இடித்துக் கட்டப்போகிற குடும்பம். அவர்கள் விலை பேசுவது 2400 சதுர அடி மண்ணுக்கு, நீங்கள் ஒட்டுகிற டைல்ஸ் முதல் வாரமே லாரியில் போய்விடும். அந்தப் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து சர்வேயரை வைத்து அளந்து, பத்திரத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்பா காலமாகி, பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறதா? அப்படியானால் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பட்டாவை மாற்றி, அம்மாவும் உடன்பிறந்தவர்களும் கையெழுத்துப் போடத் தயாரா என்று இப்போதே பேசிவிடுங்கள். அட்வான்ஸ் வாங்கியபிறகு ஒரு தங்கை மறுத்தால் எல்லாம் நின்றுவிடும். அப்புறம் செடி கொடியை வெட்டி, நாலு மூலையும் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள், போதும்.

கேள்வி: அண்ணா, தாம்பரம் பக்கம் பதினைந்து வருட அபார்ட்மென்ட். பாத்ரூமை ஒட்டிய பெட்ரூம் சுவரில் பெயின்ட் உப்பி உதிர்கிறது. புட்டி வைத்து பெயின்ட் அடித்துவிடலாமா?

தம்பி, அதை மட்டும் செய்யாதே. ஓதம் உள்ள சுவரில் புட்டி நிற்காது, சில மாதத்திலேயே மறுபடி உப்பு பூத்து வெளியே தள்ளும். வாங்க வருகிறவர்களும் இப்போது விவரமானவர்கள், ஒரு சுவர் மட்டும் புதுப் பெயின்டில் பளபளத்தால் முதலில் அதைத்தான் தட்டிப் பார்க்கிறார்கள்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடி. தரையில் தண்ணீர் போகும் ட்ராப்பை அடைத்து, ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுப் பார். ஓதம் கூடினால் தரையிலோ ட்ராப் ஜாயின்ட்டிலோ கசிவு. அப்படி இல்லை, குளிக்காத நாளிலும் சுவர் ஈரமாகவே இருக்கிறது என்றால் சுவருக்குள் போகும் பைப்தான், பிளம்பரிடம் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல். டைல்ஸ் இடுக்கு மட்டும் போயிருந்தால் பழையதைச் சுரண்டிவிட்டு எபாக்ஸி க்ரௌட் (தண்ணீர் இறங்காத இடுக்கு நிரப்பி) போட்டாலே நிறைய வீடுகளில் நின்றுவிடுகிறது, பாத்ரூம் முழுவதையும் உடைக்கத் தேவையில்லை. கசிவு நின்றபிறகு, ஓதம் தெரிகிற இடத்தைத் தாண்டி ஒரு அடி வரை பூச்சைக் கொத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, வாட்டர்புரூஃபிங் கலந்து பூசி, அதுவும் சில வாரம் காய்ந்தபிறகு ப்ரைமர், பெயின்ட். இந்தக் காத்திருப்பில்தான் எல்லோரும் அவசரப்பட்டுக் கெடுக்கிறார்கள்.

வேலையைப் போட்டோ எடுத்து பில்லோடு வைத்திரு, வாங்குகிறவரிடம் நீயே காட்டு. சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் தெரியாத முக்கியக் குறை தனக்குத் தெரிந்திருந்தால் விற்பவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆவது பிரிவே சொல்கிறது.

கேள்வி: மதுரையில் வீடு. ஹால் சீலிங்கில் சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைத்தால் என்ன என்கிறார் என் மச்சான்.

அது யார் தலையிலாவது விழும். உங்கள் மச்சானிடம் இதை இப்படியே சொல்லுங்கள். மேலே மொட்டை மாடியில் தண்ணீர் தேங்குகிறதா, தட்டோடு இடுக்குகள் திறந்திருக்கின்றனவா என்று பார்த்து அதை முதலில் அடையுங்கள். பிறகு கீழே தளர்ந்த கான்கிரீட்டை எல்லாம் தட்டி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, துருத் தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் மார்ட்டர் பூச வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

கேள்வி: மாடுலர் கிச்சன் போட்டால் விலை ஏறுமா?

போட்ட காசு திரும்பாது. வாங்குகிற அம்மாவுக்கு வேறு நிறம், வேறு அமைப்பு பிடிக்கும். ஒழுகும் குழாயை மாற்றி, சிங்க் அடைப்பை எடுத்து, பழைய ஃப்யூஸ் கட்டை இருந்தால் எம்சிபி (லோடு கூடினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) வைத்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, கோவையில் தரைத்தளத்துக்கு மட்டும்தான் பிளான் அனுமதி. மேலே ஒரு மாடி கட்டிவிட்டோம். அதை அழகுபடுத்தி விற்கலாமா?

அழகுபடுத்துவதற்கு முன் அந்த மாடியின் நிலையைப் பாருங்கள் அம்மா. வாங்குகிறவர் லோன் போட்டால் வங்கியின் மதிப்பீட்டாளர் பிளானைக் கையில் வைத்துக்கொண்டுதான் வீட்டைச் சுற்றுவார், பிளானில் இல்லாத மாடியைக் கணக்கில் சேர்க்காமல் போகலாம், லோனே நின்றும் போகலாம். வரைமுறைப்படுத்த வழி உண்டா என்று மாநகராட்சியில் கேளுங்கள். வழி இல்லையென்றால் முதல் சந்திப்பிலேயே சொல்லி அதற்கேற்ப விலை பேசுங்கள். அந்த மாடிக்கு கிரானைட் வேண்டாம்.

கேள்வி: விற்பதற்காகச் செய்த ரிப்பேர் செலவை வரியில் கழிக்க முடியுமா?

வீடு விற்ற லாபத்துக்குத்தான் வரி, அந்த லாபக் கணக்கில் பெயின்ட், சில்லறை ரிப்பேர் கழியாது. அறை சேர்த்தது, போர் போட்டது மாதிரி வீட்டையே மேம்படுத்திய செலவு, பில் இருந்தால் கழியும். 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்றால், இங்கே வசிக்கும் தனிநபர் இண்டெக்சேஷன் (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம், இண்டெக்சேஷனோடு 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைக் கட்டலாம். ஆடிட்டரிடம் இரண்டையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: முடிச்சூரில் வீடு. 2015 வெள்ளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் உள்ளே வந்தது. கேட்டால் என்ன சொல்வது?

உள்ளதைச் சொல்லுங்கள். எதிர் வீட்டுக்காரர் எப்படியும் சொல்லிவிடுவார், அப்போது உங்கள் மற்ற வார்த்தைகளையும் யாரும் நம்பமாட்டார்கள். இங்கே செலவு செய்வது நியாயம்: ஈபி மீட்டரையும் கீழ் ப்ளக் பாயின்ட்டுகளையும் அந்த வெள்ளக் கோட்டுக்கு மேலே ஏற்றுங்கள், சம்ப் வாயை உயர்த்திக் கட்டுங்கள், கழிவுநீர் பைப்பில் தண்ணீர் திரும்பி வராதபடி நான்-ரிட்டர்ன் வால்வு போடுங்கள். வீடு பார்க்க வருகிறவரை அந்த வால்வு இருக்கும் சேம்பருக்கே கூட்டிப்போய் மூடியைத் திறந்து காட்டுங்கள்.