இரண்டு கம்பெனி, ஒரே பிளாட்ஃபார்ம்: அப்படியென்றால் என்ன?

பிளாட்ஃபார்ம் என்பது காரின் அடித்தளம்: தரைத்தட்டு, எஞ்சின் உட்காரும் இடம், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் பொருந்தும் புள்ளிகள். ரெனோ கைகரும் நிஸான் மேக்னைட்டும் சி.எம்.எஃப்-ஏ பிளஸ் என்ற ஒரே அடித்தளத்தில், சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் தயாராகின்றன. இரண்டுக்கும் வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலான தூரம்) 2500 மி.மீ., எஞ்சின் 999 சி.சி. ஏழு பேர் உட்காரும் ரெனோ டிரைபரும் அதே அடித்தளம்தான்; அதற்கு வீல்பேஸ் மட்டும் நீளம், 2636 மி.மீ.

காரணம் காசுதான். சின்னக் காரில் லாபம் குறைவு. வடிவமைப்பு, மோதல் சோதனை, அச்சுகள் எல்லாவற்றுக்கும் ஆகும் பெருஞ்செலவை ஒரு கம்பெனி தனியாகச் சுமந்தால் கட்டுப்படியாகாது. குமரிக் கடற்கரையில் ஃபைபர் வள்ளம் வார்ப்பதும் இப்படித்தான்: அச்சு செய்யத்தான் செலவு; அதில் எத்தனை வள்ளம் இறங்குகிறதோ அவ்வளவுக்கு ஒவ்வொன்றின் பங்கும் குறையும். வள்ளத்தில் மாட்டும் எஞ்சினும் பூசும் பெயிண்டும் அவரவர் விருப்பம்.

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஸ்பேர் வாங்கும்போது இது உதவும், கவனமாக இருந்தால். கண்ணுக்குத் தெரியாத சில பாகங்கள் இரண்டுக்கும் பொருந்தலாம். பம்பர், ஹெட்லைட், கதவு பொருந்தாது. ‘அதே வண்டிதான் சார்’ என்று கடைக்காரர் சொன்னாலும், ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட் நம்பரை ஒத்துப் பார்த்த பிறகே காசு கொடுங்கள். துளை ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் போல்ட் ஏறாது.

பலர் இதை மாருதி பலேனோ, டொயோட்டா கிளான்ஸா கதையோடு குழப்புகிறார்கள். மாருதியின் காரை முகப்பிலும் லோகோவிலும் மாற்றி டொயோட்டா விற்பது அது, இங்கே பொதுவாக இருப்பது அடித்தளம், மேலே நிற்கும் உடல் வேறு வேறு.