வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைக்கும் செடிகளை அப்படியே விடலாமா?

விடலாம். எல்லாவற்றையும் அல்ல. இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றால், "ஏன் இப்படிப் புதர் மண்டிக் கிடக்கிறது" என்று வீட்டில் யாரோ ஏற்கெனவே ஆரம்பித்திருப்பார்கள். என் வீட்டிலும் அதே கதைதான்.

பின்பக்கச் சுவரோரம் ஓர் எருக்கு தானாக வந்தது. பிடுங்கப் போனவன், இலையில் ஒரு புழுவைப் பார்த்துக் கையை எடுத்துவிட்டேன். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் என உடம்பு முழுக்கப் பட்டை. முதுகில் 3 ஜோடி கறுப்புக் கொம்புகள். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு அது. எருக்கிலுள்ள நஞ்சைத் தன் உடம்பிலேயே சேர்த்துக்கொள்வதால் பறவைகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. ஒருநாள் காலையில் கூட்டை உடைத்து வந்தது. இறக்கை கசங்கி ஈரமாக இருந்தது. அது விரிந்து காயும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நான் 4 நாள் வெளியூர் போயிருந்தபோது அண்ணன் மொத்தத்தையும் வெட்டிவிட்டார். தும்பை, குப்பைமேனி, எருக்கு எதுவும் மிச்சமில்லை. எருக்கில் 6 புழுக்கள் இருந்தன, எண்ணி வைத்திருந்தேன். கேட்டதற்கு "சுத்தம் பண்ணினேன்" என்றார். அப்பாவின் சைக்கிளையும் இப்படித்தான் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய இரும்புக்குப் போட்டார். நான் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய வண்டி அது. வீட்டில் இருப்பதெல்லாம் தனக்குத் தேவையா இல்லையா என்று மட்டுமே பார்ப்பார். சரி, அதை விடுங்கள்.

கொசு வரும் என்று எழுதப்போகிறவர்களுக்கு: கொசு முட்டையிடுவது தேங்கிய தண்ணீரில். பகலில் புதரில் ஒதுங்கும் என்பது உண்மைதான், அதனால்தான் வாசல் பக்கமும் நடக்கிற வழியும் வெட்டியே வைத்திருக்கிறேன். நானும் கண்மூடித்தனமாக விடுகிறவன் அல்ல. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்குகிறேன். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும், பலருக்குத் தோலில் அரிப்பும் வரும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. சின்னக் குழந்தை இருக்கும் வீடானால் எருக்கு வேண்டாம், தும்பையை வளர விடுங்கள். தேனீக்கு அதுவே நல்ல தீனி.

ஒரு மூலையில் தொடங்குங்கள். அதற்கு முன் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள், நான் செய்யாமல் விட்டது அதைத்தான். வெட்டிய எருக்கின் அடிக்கட்டை இப்போது துளிர்த்திருக்கிறது. சுற்றிச் செங்கல் அடுக்கிவிட்டேன். இதற்குள் கத்தி வரக்கூடாது என்று அண்ணனிடம் நேராகவே சொல்லியும் விட்டேன்.