பாட்டிலை ஓரமா வைங்க, முதல்ல ஆட்டோட கண்ணைப் பாருங்க

கேள்வி: வணக்கம் அண்ணே. தென்னாப்பிரிக்காவுல டோங்காட் பக்கத்துல எங்களுக்கு ரெண்டு ஏக்கர். ஆறு வெள்ளாடு, பத்துக் கோழி, இந்த செப்டம்பர்ல தக்காளி, மிளகாய், பீன்ஸ்னு புதுசா தோட்டம் ஆரம்பிச்சோம். போன வாரம் மழை விட்டதும் போயர் இனக் கலப்பு தாய் ஆடு ஒண்ணு செத்துப்போச்சு. குட்டி போட்டு ஆறு வாரம்தான் ஆச்சு. கழிச்சல் எதுவும் இல்ல, தாடைக்கு அடியில மட்டும் தண்ணிப் பை மாதிரி தொங்குச்சு. இப்ப அதோட ரெண்டு குட்டியும் இளக்கமா போகுது. மே மாசமும் ஜூலையிலயும் எல்லாத்துக்கும் நீல பாட்டில் பூச்சி மருந்து கொடுத்தேன், ஆடு செத்த மறுநாள் திரும்பவும் கொடுத்தேன். இதைவிட ஸ்ட்ராங்கான மருந்து எது? இன்னொண்ணு, கோழி எரு வாங்கிப் போட்டதுல தக்காளி நாத்து ஓரம் கருகுது, யூரியா போடலாமா?

பதில்: யூரியா வேண்டாம் தங்கச்சி. பச்சை கோழி எருவே சூடு, அதுல உப்பும் அமோனியாவும் சேர்ந்து வேரைச் சுட்டுருக்கு, அதுமேல யூரியா போட்டா எரியுற வீட்டுல எண்ணெய் ஊத்துற கதைதான். நாத்துத் தண்டை ஒட்டி இருக்குற எருவை ஒதுக்கிட்டு ரெண்டு மூணு நாள் நல்லா தண்ணி விடுங்க, புதுக் குருத்து பச்சையா வந்தா பொழைச்சுது, வரலன்னா வேற நாத்து வைங்க, செப்டம்பர்தானே, இந்தக் கடற்கரைப் பக்கம் இன்னும் நேரம் இருக்கு. ஆனா ஒண்ணு கேக்குறேன், பட்டியில அஞ்சு ஆடு நிக்குது, புழுக்கை மலையா கிடக்கும், அதை விட்டுட்டு பக்கி வண்டியில (சின்ன லாரி) கொண்டுவந்து விக்கிறவன்கிட்ட காசு கொடுத்து கோழி எரு ஏன் வாங்கினீங்க?

சரி, ஆட்டுக்கு வருவோம், என் தலைவலியே இதுதான். ஸ்ட்ராங் மருந்து எதுன்னு கேக்குறீங்க. அஞ்சு மாசத்துல மூணு தடவை, எல்லா ஆட்டுக்கும், ஒரே பாட்டில்! உங்க பட்டியில அந்த மருந்தைத் தாங்குற புழுவை நீங்களே பொறுக்கி எடுத்து வளர்த்துட்டு இருக்கீங்க. மருந்துக்குச் சாகுற புழு எல்லாம் செத்துரும், சாகாதது மட்டும் முட்டை போடும், அடுத்த தலைமுறை முழுக்க அதோட வாரிசுதான். நம்ம நாட்டு செம்மறி ஆடுகள்ல ஐவர்மெக்டின்ங்கற பூச்சி மருந்துக்கே அசையாத புழுவை 1980கள்லயே கண்டுபிடிச்சாச்சு, அதனால இது ஒண்ணும் புதுக் கதை இல்ல.

நீங்க எழுதின அடையாளத்தை வச்சு, செத்த ஆடு வயர்வோர்ம்லதான் போயிருக்கும்னு தோணுது. வயித்துல உக்காந்து ரத்தம் குடிக்குற புழு அது. ஒரு புழு ஒரு நாளைக்கு 0.05 மில்லிதான் குடிக்கும், ஆனா 5,000 புழு இருந்தா கால் லிட்டர் ஆச்சே, ஒரு ஆடு எத்தனை நாள் தாங்கும்? ரத்தம் குறைஞ்சு தாடைக்கு அடியில நீர் கோத்துக்கும். கழிச்சல் அனேகமா இருக்காது, அதனாலதான் ஆடு நல்லா இருக்குன்னு நாம நினைச்சுட்டே இருப்போம், ஒருநாள் காலையில கால் நீட்டிக் கிடக்கும். குட்டி போட்டு பால் கொடுக்குற தாய்க்கு எதிர்ப்பு சக்தி குறையும், புழு அந்த நேரம் பார்த்து முட்டையைக் கொட்டும், வெளியில மழையும் சூடும் சேர்ந்தா ஒரு வாரத்துக்குள்ள லார்வா, அதாவது குஞ்சுப் புழு, புல் மேல ஏறிடும். நம்ம பக்கம் செப்டம்பர்ல வர்ற வசந்தத்துல தாய் ஆடு சாகுறதுக்குக் காரணம் இதுதான்.

இப்ப நான் சொல்றதைச் செய்யுங்க. நாளைக்குக் காலையில வெயில் வந்ததும் ஒவ்வொரு ஆடா பிடிங்க. ஒரு கட்டைவிரலால மேல் இமையைக் கீழே கொண்டுவந்து கண்ணை மூடி, லேசா உள்பக்கம் அழுத்துங்க, இன்னொரு கட்டைவிரலால கீழ் இமையை இறக்குங்க, உள்தோல் பிதுங்கி வெளிய வரும். நல்ல சிவப்பா இருந்தா நம்பர் ஒண்ணு. வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்திருந்தா நம்பர் அஞ்சு. நடுவுல இருக்குறதுக்குத்தான் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்குற கார்டு, ஃபமாச்சா கார்டுன்னு வெட்கிட்ட (கால்நடை டாக்டர்) கேளுங்க. வெளிநாட்டுச் சரக்குன்னு நினைச்சுடாதீங்க, இந்த நாட்டுலயே உருவானது, ஃபாஃபா மாலன்ங்கற கால்நடை மருத்துவரோட பேரும் சார்ட்ங்கற வார்த்தையும் சேர்ந்துதான் ஃபமாச்சா. செம்மறிக்கு வந்தது, வெள்ளாட்டுக்கும் பயன்படுது. நாலு, அஞ்சுக்கு மருந்து, பால் கொடுக்குற தாய்க்கும் குட்டிக்கும் மூணுலயே மருந்து, மத்ததை விட்டுருங்க. விட்டுடறது சோம்பேறித்தனம் இல்ல, மருந்து படாத புழு கொஞ்சம் வயல்ல இருந்தாத்தான் மருந்து நாளைக்கும் வேலை செய்யும். மழைக்காலம் முடியுற வரைக்கும் வாரம் ஒருதரம் பாருங்க, அஞ்சு ஆட்டுக்கு கால் மணி நேரம்.

நான் உம்சிண்டோ பக்கம் பதினாலு ஆடு வச்சிருந்தப்ப காலண்டர்ல வட்டம் போட்டு மாசாமாசம் டோஸ் பண்ணினவன்தான், கடைக்காரர் தலையாட்டித் தலையாட்டி வித்தார், அந்த வருஷம் மட்டும் நாலு போச்சு. அப்புறம் கடையில நின்னு மூணு கலர் பாட்டிலைத் திருப்பி சின்ன எழுத்தைப் படிச்சா மூணுலயும் உள்ள இருந்தது ஒரே மருந்து! அதனால கலரைப் பார்க்காதீங்க, லேபிள்ல மருந்துப் பேரைப் படிங்க. கடைக்காரர் தட்டுல எது இருக்கோ அதைத்தான் ஸ்ட்ராங்கும்பார். செம்மறி டோஸ் பல மருந்துல வெள்ளாட்டுக்குப் பத்தாது, அதுக்காக நீங்களே கூட்டிக் கொடுத்துறாதீங்க, சில மருந்து கூடிப்போனா ஆட்டுக்குக் கண்பார்வையே போயிடும், வெட்கிட்ட வெள்ளாட்டு அளவு கேட்டு, ஆட்டைத் தராசுல நிறுத்திட்டு ஊத்துங்க. டோஸ் பண்றதுக்கு முன்னாடி ஒரு சாம்பிள், பத்துப் பதினாலு நாள் கழிச்சு ஒரு சாம்பிள்னு புழுக்கை எடுத்து முட்டை எண்ணச் சொல்லுங்க, பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல அல்லர்டன் லேப் இருக்கு. நீல பாட்டில் வேலை செய்யுதா இல்லையான்னு அப்பத்தான் தெரியும்.

நீங்க கேக்காத கேள்வி ஒண்ணு இருக்கு. ஆடு என்ன தின்னுது? ரெண்டு ஏக்கர்ல ஒரே கிக்குயூ புல்லைத் தரையோட தரையா மேயுதுன்னா, லார்வாவை வாரி வாயில போட்டுக்குதுன்னு அர்த்தம், அது புல்லோட அடிப்பக்கம்தான் அதிகம் இருக்கும். வெள்ளாடு கழுத்தை நிமிர்த்தித் தின்னப் பொறந்த ஜீவன். மல்பெரி, முருங்கைக் கிளை வெட்டி ஆட்டு நெஞ்சு உயரத்துல கட்டித் தொங்கவிடுங்க, காலையில பனி காயுற வரைக்கும் புல்லுக்கு விடாதீங்க. வேலியோரம் டிக்பெரி இருந்தா மட்டும் வெட்டி எறிங்க, தமிழ்நாட்டுல உண்ணிச்செடின்னு சொல்றது அதேதான், ஈரலைக் கெடுக்கும்.

தாய் போன குட்டிங்களுக்கு என்ன பால் கொடுக்குறீங்கன்னு எழுதவே இல்லையே? பால் மாறினாலே இளகும், அந்த வயசுல காக்சிடியாங்கற குடல் ஒட்டுண்ணியும் வரும், அதுக்குப் பூச்சி மருந்து கேக்காது, வெட்டைப் பார்க்கணும். ஏதாவது ஆடு திடீர்னு காய்ச்சல் கண்டு கால் தூக்கித் தூக்கி நடந்தா மேல உண்ணி இருக்கான்னு பாருங்க, உண்ணி பரப்புற ஹார்ட்வாட்டர் நோயா இருக்கலாம், அன்னைக்கே ஆள் கூப்பிடணும், மறுநாள்னு தள்ளாதீங்க.

தீபாவளிக்கு ஆடு விக்கிற யோசனை இருந்தா, மருந்து கொடுத்த தேதியை எழுதி வைங்க, லேபிள்ல போட்டிருக்குற நாள் கழியாம கறிக்குக் கொடுக்கக் கூடாது. புரட்டாசியில எப்படியும் நம்ம வீடுகள்ல கறி வாங்க மாட்டாங்க, அந்த மாசம் உங்களுக்கு சாதகம்தான்.

புழுக்கையைக் குவிச்சு ஈரம் காட்டி, நாலஞ்சு தரம் புரட்டி, சூடேறி ஆறவிட்டு, அப்புறம் தக்காளிக்குப் போடுங்க, ஆடு மேயுற புல்லுல மட்டும் தூவாதீங்க. ஆறுல ஒண்ணு போக மிச்சம் அஞ்சு ஆட்டோட கண் நம்பரையும் வர்ற ஞாயித்துக்கிழமை எழுதி அனுப்புங்க. பீன்ஸ் காய்ச்சா குரங்கு வரும், அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல.