காது அடைத்துக்கொண்டால் குரும்பியை எடுக்க சென்னையில் யாரிடம் போவது?

தலைக்குக் குளித்ததும் ஒரு காது அடைத்துவிட்டது, பட்ஸ் போட்டும் சரியாகவில்லை என்கிறீர்கள். பட்ஸ்தான் குரும்பியை உள்ளே தள்ளியிருக்கும். தண்ணீர் பட்டால் அது ஊதிக்கொள்ளும். தெருவோரம் காது குடைந்துவிடுகிறவர்கள் வேண்டவே வேண்டாம், இஎன்டி டாக்டரிடம் போங்கள். கல்லாக இறுகியிருந்தால் முதலில் சில நாள் சொட்டு மருந்து விடச் சொல்வார். அப்புறம் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடியே மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பார். காதுக்குள் ‘கர்ர்’ என்று இரைச்சல் பலமாகக் கேட்கும், பயப்படாதீர்கள். இல்லையென்றால் சிரிஞ்சில் தண்ணீர் பீய்ச்சுவார்கள். அது உடல் சூட்டில், சுமார் 37 டிகிரியில் இருக்க வேண்டும். குளிர்ந்திருந்தால் தலை சுற்றும். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ சீழ் வடிந்தாலோ தண்ணீர் கூடாது, முன்பே சொல்லிவிடுங்கள். செலவு இடித்தால், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையிலும் இஎன்டி பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய்விடுங்கள்.