பெண்ணுக்குப் பிடித்தது கணக்கு, அடமானம் விமானப் படிப்புக்கா?

ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அவளுடைய மாமா, அதாவது இவருடைய மச்சான், ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். "ஏரோநாட்டிக்கல் சேர்த்துவிடுங்க மாமா, நேரா டி.ஆர்.டி.ஓ.தான்" என்கிறாராம், அதாவது மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. தனியார் கல்லூரி கேட்பது, விடுதியோடு சேர்த்து, பத்து லட்சத்துக்கு மேல். ஒரு ஏக்கர் நிலத்தை அடமானம் வைக்கலாமா என்பது கேள்வி.

உங்கள் பதற்றம் புரிகிறது ஐயா. ஆனால் ஆறுதல் சொல்லி அனுப்புவதற்கு இது நேரமில்லை. வைக்காதீர்கள்.

டி.ஆர்.டி.ஓ. எந்தக் கல்லூரி வாசலிலும் வரிசையாக நிற்கவைத்து ஆள் எடுப்பதில்லை. தொடக்க நிலையான விஞ்ஞானி 'பி' பணிக்கு, பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் தேர்வின் மதிப்பெண் வேண்டும், அதற்குமேல் நேர்காணல். எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு அங்கே உள்ள இடங்களோடு ஒப்பிட்டால் ஏரோநாட்டிக்கலுக்கு மிகக் குறைவு. இதைக் கல்லூரி விளம்பரத்தில் போட மாட்டார்கள்.

மச்சான் பார்த்தது யூனிட்டுக்குள்ளிருந்து தெரிகிற பாதுகாப்பு அமைச்சகம். டெல்லியில் அது ஐந்து துறைகள். பட்ஜெட், கொள்கை, கடலோரக் காவல்படை, எல்லைச் சாலைகள், கன்டோன்மென்ட் எல்லாம் பாதுகாப்புச் செயலாளரின் கீழ். முப்படைகளின் விவகாரங்களுக்கு முப்படைத் தலைமைத் தளபதியின் கீழ் ஒரு துறை. அந்தப் பதவியே 2020 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. உற்பத்திக்கு ஒன்று, ஆவடி டாங்கித் தொழிற்சாலை இதன்கீழ் வருவது. ஆராய்ச்சிக்கு ஒன்று, முன்னாள் படைவீரர் நலனுக்கு ஒன்று. இவற்றோடு ஒட்டிக்கொண்டு, யார் கண்ணிலும் படாமல், நிதிப் பிரிவு ஒன்று இருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் அமைச்சகத்துக்கு ஒதுக்கியது சுமார் 6.81 லட்சம் கோடி ரூபாய். அதில் ஓய்வூதியம் மட்டும் சுமார் 1.61 லட்சம் கோடி. இவ்வளவு பணத்துக்கும் யாராவது கணக்குப் பார்க்க வேண்டாமா?

பார்ப்பது, அந்த நிதிப் பிரிவோடு சேர்ந்த பாதுகாப்புக் கணக்குத் துறை. சென்னைத் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலேயே அதன் அலுவலகம் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் அந்தப் போர்டைப் படித்திருக்கக்கூட மாட்டார்கள்.

அங்கே ஆடிட்டராகச் சேர்பவர் என்ன செய்வார்? ஒரு யூனிட் ஜெனரேட்டர் வாங்கியிருக்கிறது என்று வையுங்கள். பில் மேசைக்கு வரும். அனுமதி கொடுத்த அதிகாரிக்கு அந்தத் தொகை வரை அதிகாரம் உண்டா, எந்தத் தலைப்பில் செலவு, அதில் பணம் மிச்சம் இருக்கிறதா, பொருள் வந்து சேர்ந்ததற்கு வவுச்சர் எங்கே, ஜி.எஸ்.டி. சரியா? ஒன்று பிசகினாலும் ஆட்சேபணை எழுதிப் பில்லைத் திருப்பி அனுப்புவார். கேட்பது கர்னலாக இருந்தாலும் சரி. உள்ளூர்த் தணிக்கையில் போட்டால் யூனிட்டுக்கே போய் ரேஷன் லெட்ஜரைப் புரட்ட வேண்டும், லாரி ஓடிய கிலோமீட்டரையும் குடித்த டீசலையும் ஒப்பிட வேண்டும். மச்சானுக்கு மாதாமாதம் வருகிற பென்ஷனையும் இந்தத் துறைதான் கணக்கிட்டு அனுப்புகிறது. அவரிடமே கேளுங்கள், பிரயாக்ராஜ் பென்ஷன் அலுவலகம் என்றதும் தெரியும்.

நுழைய ஏதாவது ஒரு பட்டம் போதும். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வு, பெண்களுக்கு விண்ணப்பக் கட்டணம்கூட இல்லை. தொடக்க அடிப்படைச் சம்பளம் 29,200 ரூபாய், படிகள் தனி. உள்ளே போனபின் எஸ்.ஏ.எஸ். என்ற துறைத் தேர்வு இருக்கிறது. கடினம்தான், தேறினால் உதவிக் கணக்கு அதிகாரி, அடிப்படை 47,600.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். போட்டி கடுமை. காலியிடம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும், எனவே ஆங்கிலத்தை முதல் வருஷத்திலேயே பிடிக்க வேண்டும். முதல் போஸ்டிங் புனேயோ மீரட்டோ ஆகலாம். ஊரை விட்டு அனுப்ப மாட்டோம் என்பவர்கள் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

கணக்கு வேலை என்றால் பி.காம்.தானே என்பீர்கள். அதில் வணிகவியல் குரூப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுப்பார்கள். அதனால் அரசுக் கலைக் கல்லூரியில் புள்ளியியல் அல்லது கணிதம் போடச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். மூன்று வருஷப் படிப்புச் செலவு, நீங்கள் கட்டவிருந்த ஒரு வருஷ வட்டியைத் தாண்டாது.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அம்மாவின் சுயஉதவிக் குழு நோட்டை மூன்று வருஷமாக மகள்தான் எழுதுகிறாள், போன வருஷம் வங்கி வட்டியில் 340 ரூபாய் கூடுதலாகப் பிடித்ததைக் கண்டுபிடித்ததும் அவள்தான். நான் முடிவெடுத்தது அந்த வரியைப் படித்துத்தான். விமானத்தைப் பற்றி அவள் என்ன சொன்னாள் என்று கடிதம் முழுக்க எங்குமே இல்லை. யாராவது கேட்டீர்களா?

மச்சானுக்கு யூனிஃபார்ம் ஆசை என்றால், பட்டம் முடித்தபின் படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் சி.டி.எஸ். தேர்வு எழுதிப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி மையத்துக்குப் பெண்களும் போகலாம். அது அவளாகக் கேட்டால்.

முன்பணம் கட்டிவிட்டதாகச் சொல்கிறீர்கள். பொறியியல் கல்லூரிகளை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அறிவித்த கடைசித் தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களையும் வைத்துக்கொள்ளக் கூடாது. வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். எழுத்தில் கொடுத்து, நகலில் கல்லூரி சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.