லண்டனில் கவுன்சில் அனுப்பும் பராமரிப்பாளர் ஒழுங்காக வராவிட்டால் யாரிடம் முறைப்பாடு செய்வது?

அம்மாவுக்குக் கவுன்சில் ஒழுங்குசெய்த பராமரிப்பாளர் நேரத்துக்கு வருவதில்லை, வந்தாலும் சொன்ன அரைமணி நேரம் நிற்பதில்லை, கவுன்சிலும் அவரை வேலைக்கு வைத்திருக்கும் கம்பனியும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பனியோடு மல்லுக்கட்டுவதை இன்றோடு விடுங்கள். இங்கிலாந்தில் கவுன்சில் இந்த வேலையைத் தனியாரிடம் கொடுத்தாலும் பொறுப்பு கவுன்சிலுடையதுதான். கை கழுவ அவர்களுக்கு வழியில்லை.

என் மாமியாருக்கும் இதுதான் நடந்தது. எட்டு மணிக்கு வரவேண்டியவர் பத்தரைக்கு வருவார். நீரிழிவுக்காரரான மாமி அதுவரை வெறும் வயிற்றோடு இருப்பார். பதிவுக் கொப்பியிலோ ‘8.00 – 8.30, காலை உணவு கொடுக்கப்பட்டது, நலமாக இருக்கிறார்’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருக்கும். அந்தப் பக்கங்களைப் படமெடுத்து, உண்மையில் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் பக்கத்தில் குறித்து, கவுன்சிலின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு அனுப்பினோம். பராமரிப்பாளர்கள் வரும்போதும் போகும்போதும் தொலைபேசியில் பதியும் நேரங்களைத் தரும்படியும் கேட்டோம். அவை வந்ததும் கொப்பியில் இருந்தது பொய் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. நேரம் ஒழுங்கானது. மாமி தன் பங்காகக் கட்டியிருந்த பணத்தில், வராத நேரத்துக்கு உரியதும் திரும்பி வந்தது. நீங்களும் பணத்தைக் கேளுங்கள், வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

கடிதத்தின் தலைப்பிலேயே ‘இது முறைப்பாடு’ என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் சாதாரண விசாரிப்பு என்று ஒதுக்கிவிடக்கூடும். அம்மாவுக்காக நீங்கள் எழுதுவதால் அவருடைய சம்மதத்தைக் கையெழுத்தோடு இணையுங்கள். கவுன்சில்கள் முறைப்பாடுகளைக் கையாள்வதற்கான 2009ஆம் ஆண்டு விதிகளின்படி முறைப்பாடு கிடைத்ததை அவர்கள் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். வாய்மொழியாகச் சொன்னாலும் எழுதி எடுத்துப் பிரதி தரவேண்டும். சம்பவம் நடந்து 12 மாதத்துக்குள் முறையிடுவது முக்கியம். பதிலில் திருப்தியில்லை என்றாலோ, ஆறு மாதம் கடந்தும் பதில் வராவிட்டாலோ இத்தகைய முறைப்பாடுகளைச் சுதந்திரமாக விசாரிக்கும் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பராமரிப்பு நிறுவனங்களைக் கண்காணிக்கும் பராமரிப்புத் தர ஆணையத்துக்கும் (CQC) அறிவிக்கலாம், ஆனால் அது தனிநபர் முறைப்பாடுகளைத் தீர்த்துவைப்பதில்லை.

‘முறையிட்டால் இருக்கிற உதவியையும் நிறுத்திவிடுவார்கள்’ என்று அம்மா பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வயதானவர்களை வாய்மூட வைப்பது இந்தப் பயம்தான், எனக்கு மிகவும் மனவருத்தம் தருவதும் இதுதான். மதிப்பீட்டில் தகுதியானவை என்று ஏற்றுக்கொண்ட தேவைகளை நிறைவேற்றுவது 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டப்படி கவுன்சிலின் கடமை. யாரோ பரிதாபப்பட்டுத் தரும் உதவி அல்ல அது. முறையிட்டார் என்பதற்காக அதை நிறுத்தமுடியாது. இதை அம்மாவுக்கு நீங்களே தமிழில் ஆறுதலாக விளக்கிச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ‘பாவம் அந்தப் பிள்ளை, வேலை போய்விடும்’ என்பார் அம்மா. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போக நேரமே விடாமல் பட்டியல் போடுவது பெரும்பாலும் கம்பனிதான். ஆகவே ஆளைத் திட்டாமல் பட்டியலைக் கேள்வி கேட்டு எழுதுங்கள்: காலை வருகைக்கு எத்தனை மணி என்று ஒப்பந்தம், அதற்கு முந்தைய வீடு எங்கே, இடையில் எவ்வளவு நேரம் விட்டிருக்கிறார்கள்? நாங்கள் இப்படிக் கேட்ட பிறகு அதே பெண்தான் தொடர்ந்து வந்தார், நேரத்துக்கும் வந்தார்.

ஆனால் உடம்பில் காயம், பணம் காணாமல் போவது, மருந்தோ சாப்பாடோ கொடுக்காமல் விடுவது போன்றவற்றுக்கு முறைப்பாட்டின் பதிலுக்காகக் காத்திருக்கவேண்டாம். அன்றைக்கே கவுன்சிலின் வயதுவந்தோர் பாதுகாப்புப் பிரிவை அழையுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 999.